ஆமணக்கு வரப்பு

பெரம்பலூர் டவுனில் வாங்கிய கம்பிச் சுருளைப் பஸ் சீட்டுக்கு அடியில் காலால் தள்ளி வைத்துக்கொண்டு ரஞ்சன்குடிக்குப் போன மத்தியானம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. அண்ணன்தான் கேட்டிருந்தார். கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் புகுந்து மக்காச்சோளத்தில் தின்றது பாதி, மிதித்தது பாதியாக ஆக்கியிருந்தன. மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுத்து வயலைச் சுற்றிக் கம்பி கட்டப் போகிறார் என்று தெரிந்தேதான் வாங்கினேன். தப்பு என்பதும் தெரியும். அக்கம்பக்கத்தில் பலரும் கட்டியிருந்தார்கள் என்பதைத் தவிர எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேறு சமாதானம் இல்லை.

மார்கழியில் ஒரு காலை. கரண்ட் போயிருந்ததால் அண்ணன் சுவிட்சை இறக்காமலே வயலுக்குள் போயிருக்கிறார். கம்பியைத் தாண்டும்போது கரண்ட் வந்துவிட்டது. ஆலத்தியூரில் வேலையில் இருந்த எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் அவர் உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போயிருந்தார்கள். அந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு பெண் பன்றியும் செத்துக் கிடந்தது. காம்புகளில் பால் கட்டியிருந்தது. அதை அப்புறப்படுத்தக்கூடத் தோன்றாமல் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி என்னை வயலுக்கு அழைத்துப் போனார். இரண்டு பேருமாகக் கம்பியைக் கழற்றிச் சுற்றினோம். பாதியில் என்னால் முடியவில்லை.

"அண்ணி, இத வாங்கிக் குடுத்தது..."

"தெரியும் தம்பி. நீங்க இழுத்துப் புடிங்க."

அதற்கு மேல் இன்றுவரை அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை. ஒருமுறை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

அடுத்த ஆடியில் அண்ணி மக்காச்சோளத்தை விட்டுவிட்டார். வரப்போரம் நெருக்கமாக நான்கு வரிசை ஆமணக்கு, உள்ளே மிளகாய். ஆமணக்கைப் பன்றி தின்னாது, அந்த நெடியில் உள்ளே இருக்கும் பயிரின் வாசனையும் அதற்கு எட்டாது என்று விவசாய ஆபீசில் சொல்லியிருந்தார்கள். பன்றி வருவது குறைந்ததே தவிர, அடியோடு நிற்கவில்லை. மழை தவறி ஆமணக்கு விட்டுவிட்டு முளைத்த வருஷம், அந்தச் சந்து வழியாகவே நுழைந்து மிளகாய்ச் செடிகளைக் கிளறிப் போட்டன. அண்ணி உட்கார்ந்து, பிழைத்த செடிகளுக்கு மண் அணைத்தார்.

பக்கத்து வயல்காரர் எங்களுக்கு மாமா முறை. அண்ணன் செத்த பிறகும் அவர் கம்பியை எடுக்கவில்லை. அண்ணி போய்க் கேட்டார்.

"மாமா, அதக் கழட்டிடுங்க."

"சோளம் போயிட்டா நீயா வந்து சோறு போடுவ?"

அவர் கேட்டதும் நியாயம்தான். அண்ணி சண்டை போடவில்லை. தன் வீட்டு விதையைக் கொண்டுபோய் அவர் வரப்பிலும் தானே ஊன்றினார். அந்த வருஷம் மாமா ஆமணக்கையும் விட்டுவைத்தார், கம்பியையும் விட்டுவைத்தார். அடுத்த வருஷம் கழற்றினார். பன்றி ஒரு மூலையைத் தின்றதும் மறுபடி கட்டினார். அண்ணி மறுபடி ஊன்றினார், மறுபடி கேட்டார். போன வருஷம்தான் மாமா கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டார்.

இந்த ஆடியில் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அண்ணி மாமா வயலையும் தாண்டி, அதற்கடுத்த வயல் வரப்பில் குனிந்திருந்தார். அந்த வயல்காரர் கம்பியைக் கழற்றச் சம்மதிக்கவில்லையாம், ஊன்றிக்கொள்ள மட்டும் விட்டிருக்கிறாராம். அண்ணியின் முழங்கால் வீங்கியிருந்தது. நிமிர்வதற்குள் இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எத்தன பேரு வரப்புல அண்ணி இப்படி?"

"அத யாரு கண்டா. ஈரம் காயறதுக்குள்ள ஊனிடணும் தம்பி."

சேலை மடியிலிருந்து ஒரு கை விதையை அள்ளி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் அடுத்த வரிசையில் ஊன்றத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்துத் தலை தூக்கிப் பார்த்தேன். வரப்பு இன்னும் நீளமாகக் கிடந்தது.