பாட்டிலுக்குள் இரண்டு சீட்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் என்னைக் கவிழ்த்ததே அந்த அழகுதான்.

எழுபதுகளின் பின்பாதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை வரப்போகிறது, ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் தெருவில் காலையும் மாலையும் அதே பேச்சு. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். பியூசி முடித்த எனக்கு, பழவேற்காடு போகிற சாலையில் ஒரு வாடகை வீட்டில் நடந்த சின்னக் கடல் உயிரின ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது.

"இன்னா வேலைம்மா?" என்று கேட்டார் அப்பா.

"புழுவைப் பாட்டில்ல போட்டு வெச்சிக்கினு பாத்துக்கணும்ப்பா."

அப்பா இரண்டு நாள் தெருவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சம்பளம் வந்த பிறகுதான் "கவர்மெண்ட் மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டார்.

அந்தப் புழுக்களைத் தோண்டிச் சேர்த்தவர் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்துப் பெண். என்னைவிட மூன்று வயது பெரியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தன் வீட்டில் கடல்பாசி ஆராய்ச்சி என்று சொல்லி வைத்திருந்தார். முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்று, "ஆத்துல பாத்தா என்னை வாசலோட அனுப்பிடுவா" என்று சிரிப்பார். மூன்று வருஷம் ஆறு இடங்களில் தோண்டியிருந்தார். எந்த வகைப் புழு எந்த இடத்தில் வாழ்கிறது என்பதுதான் அவருடைய டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி.

உடம்பின் இரு பக்கமும் முள் முள்ளாக மயிர் உள்ள கடற்புழு அது. சேற்றுக்குள் தோல் மாதிரி ஒரு குழாய் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டும். அது எந்தக் குடும்பம் என்பதில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தகராறு. முதலில் ஒருவர் இது தனிக் குடும்பம் என்று ஒனுஃபிடே என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் தாடையைப் பார்த்தார்கள், யூனிசிடே என்ற பெரிய குடும்பத்துப் புழுக்களின் தாடை மாதிரியே இருந்தது. உடனே பெயரைப் பிடுங்கி, அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அதற்கும் பின்னால் வேறு சிலர் தலையைப் பார்த்தார்கள். ஐந்து நீள உணர்கொம்புகள், அடியில் வளையம் வளையமாக, அவற்றுக்கு முன்னால் குட்டையாக இன்னும் இரண்டு. இல்லை, இது தனிதான் என்று மறுபடி தனிக்குடித்தனம் வைத்தார்கள். புழு பாட்டுக்குப் புழு சேற்றிலேயே இருந்தது.

அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது அறுபத்தெட்டுப் பாட்டில்களை என்னிடம் ஒப்படைத்தார். "ஸ்பிரிட் கொறையாம பாத்துக்கோ, அது போதும்" என்றார். அவர் போன மறுவாரம், வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பட்டியலைப் படித்துவிட்டு எங்கள் அதிகாரி, "யூனிசிடேன்னு இருக்கிறதையெல்லாம் ஒனுஃபிடேன்னு மாத்திடும்மா" என்றார்.

எனக்குக் கொண்டாட்டம். பாட்டிலுக்குள் கிடந்த அக்காவின் சீட்டுகள் நோட்டிலிருந்து கிழித்த துண்டுகள். பென்சில் கிறுக்கல், ஓரமெல்லாம் சேறு. கெட்டித்தாள் வெட்டி, இந்தியன் இங்க்கில், அச்சடித்த மாதிரி அறுபத்தெட்டுச் சீட்டு எழுதினேன். புதுக் குடும்பப் பெயர், ஒன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை புது எண். இடமும் தேதியும் அக்காவின் நோட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். பழைய சீட்டுகளைக் குப்பையில் போட்டேன். அன்று மாலையே குப்பையைக் கொளுத்திவிட்டார்கள். பாட்டிலில் கிடந்த குழாய்த் துண்டுகளையும் எறிந்திருப்பேன், இடுக்கியில் வழுக்கி வழுக்கி விழுந்ததால் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

அதிகாரி ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"பழைய சீட்டு எங்கேம்மா?"

சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "புதுச் சீட்டு போட்டாலும் பழைய சீட்டு உள்ளேயே இருக்கணும்மா. யார் எப்போ என்ன நெனச்சாங்க, எங்கே தப்பு பண்ணாங்க, எல்லாம் அதிலதானே தெரியும்."

அப்போதுதான் அக்காவின் நோட்டைத் திறந்தேன். எந்த எண் எந்த இடத்தில் தோண்டியது என்று அதில் இருந்தது. எந்தப் பாட்டில் எந்த எண் என்பது நான் எரித்த சீட்டில் மட்டும் இருந்தது. இடம் தெரியாத புழு ஆராய்ச்சிக்கு ஆகாது. ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு சேற்றில் இறங்கிச் சேர்த்ததை, நல்ல கையெழுத்துக்காக நான் நாசம் பண்ணியிருந்தேன். அன்று எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம், எல்லாம் என் மேல்தான். அக்கா திரும்பி வருவதற்குள் இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் புதிதாகத் தோண்டிவிடலாமா என்று ஒரு பைத்தியக்கார யோசனை. சேற்றில் கைவிட்டு இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் பிடுங்கிய குழாயைப் பார்த்தார். அதில் வரிசையாக மட்டி ஓட்டுத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"இன்னாத்துக்குமே இத்தப் புடுங்கிக்கினு கீற?"

"இது ஏம்மா மட்டி ஓட்டை ஒட்டி வெச்சிக்குது?"

"அது இன்னா, கடைக்கா போவும்? ஊட்டு வாசல்ல கெடக்கறத எட்த்து ஒட்டிக்கும். அந்தாண்ட சவுக்குத் தோப்பாண்ட போயிப் பாரு, சவுக்கு எலையா ஒட்டிக்கினு இருக்கும்."

அந்த அம்மாவைக் கட்டிப் பிடிக்காத குறை. சவுக்குத் தோப்புக்கு ஓடினேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு விடுமுறையையும் விடவில்லை. அக்கா தோண்டிய ஆறு இடங்களுக்கும் போனேன். எண்ணூர்ப் பக்கம் ரயில் பாலத்துக்கு அடியில் குழாய் முழுக்க என்ஜினிலிருந்து விழுந்த கரித்துண்டு. உப்பளத்து ஓரம் கோரைத் தண்டு. ஆற்றுமுகத்தில் பனைநார். இடத்துக்கு இருபது குழாய் கொண்டுவந்து, காயவைத்து, அட்டையில் தைத்தேன். பிறகு எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து, இடத்தின் பெயரைக் கீழே மறைத்துவைத்து, எனக்கு நானே பரீட்சை வைத்தேன். முதல் தடவை பதினொன்று தப்பு. ஒன்றுகூடத் தப்பாமல் மூன்று தடவை சொல்லும்வரை அக்காவின் பாட்டில்களைத் தொடவில்லை.

அறுபத்திரண்டு பாட்டிலுக்கு இடம் கிடைத்தது. மிச்சம் ஆறில் குழாய் மொட்டையாக இருந்தது.

"முகத்துவாரம்னு போட்டுடும்மா. யார் போய்த் தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் அதிகாரி.

"நான் தோண்டிப் பாத்துட்டேன் சார்" என்றேன். அந்த ஆறிலும் 'இடம் தெரியாது' என்றே எழுதினேன். அறுபத்தெட்டுப் பாட்டிலிலும் இரண்டாவதாக ஒரு சீட்டும் போட்டேன்: 'பழைய சீட்டை எறிந்தது நான். இடம் எழுதியிருந்தால், அது குழாயைப் பார்த்துக் கண்டுபிடித்தது.' கீழே என் கையெழுத்து.

அக்கா வந்தார், இடுப்பில் பெண் குழந்தையோடு. வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "மூணு வருஷம்டி" என்றார், அவ்வளவுதான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் அலமாரியைத் திறந்து, நடுக்கொம்பு முறிந்த ஒரு புழுவைத் தேடி எடுத்தார். சீட்டுப் பக்கத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"இது எங்கேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிக்குத்தான் எனக்கு மொதல் வாந்தி. ரயில் பாலத்துக்கு அடியில." கையை எடுத்துப் படித்தார். 'ரயில் பாலம்' என்று இருந்தது. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "உன் அட்டைகளைக் கொண்டா" என்றார்.

ஆறு பாட்டிலைத் தள்ளிவிட்டு ஆராய்ச்சியை எழுதி முடித்தார். தேர்வாளர் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த ரெண்டாவது சீட்டையெல்லாம் எடுத்துடு. அவர் படிச்சா எல்லாமே சந்தேகமாப் போயிடும். பட்டம் கைவிட்டுப் போனா யாருக்கு நஷ்டம்?"

என்னைப் பற்றியது என்றால் முடியாது என்றிருப்பேன். அக்காவின் பட்டம் ஆயிற்றே. இடுக்கியை எடுத்து, முதல் பாட்டிலைத் திறந்தேன். சீட்டின் முனையைப் பிடித்தும் விட்டேன்.

அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போட்ட சீட்டு பாட்டில்லயேதான் இருக்கணும். ஒரு தடவை எறிஞ்சது போறாதா நோக்கு?"

இடுக்கியைக் கீழே வைத்தேன். பாட்டிலை மூடினேன்.

தேர்வாளர் எடுத்ததும் அதே பாட்டில்தான். இரண்டாவது சீட்டை மெதுவாக, இரண்டு தடவை படித்தார். "இதை எழுதினது யார்?" என்றார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"குழாயை வெச்சு இடம் சொல்ல முடியுமா? எங்கே, சொல்லுங்க பாக்கலாம்" என்று லென்ஸை என் பக்கம் தள்ளினார்.

அட்டைகளைக் கலைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். பத்துக் குழாய் எடுத்துக் கேட்டார். பத்துக்கும் இடம் சொன்னேன். பதினொன்றாவதாக, தள்ளிவைத்த ஆறு பாட்டிலில் ஒன்றிலிருந்து மொட்டைக் குழாயை எடுத்து நீட்டினார்.

"இது தெரியாது சார்" என்றேன்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பி, "மத்ததையெல்லாம் நம்பலாம்" என்றார்.