எதிர்முனையில் பேசியவள்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். நெடுஞ்சாலைக்கு மேலே கம்பங்களில் மாட்டியிருக்கும் கேமராக்கள், ஓடும் வண்டிகளின் முன்கண்ணாடி வழியே ஓட்டுகிறவர்களைப் படம் பிடிக்கும். கையில் போன் இருப்பதுபோல் தெரிந்தால் இயந்திரம் அந்தப் படத்தைத் தனியே எடுத்து வைக்கும். ஆனால் ஒரு மனிதக் கண் பார்த்து ஆமாம் என்றால்தான் அபராதம் என்பது சட்டம். அந்தக் கண் அவளுடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாளெல்லாம் பார்ப்பாள். சீப்பு, பிஸ்கட், பல்வலியில் கன்னத்தைத் தாங்கிய வெறுங்கை, எல்லாவற்றையும் தள்ளிவிடுவாள். பல்வலிக்காரரைக் காப்பாற்றிய கதையை வீட்டில் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தவர் அக்கா வீட்டுக்காரர்.

அந்த மாமா இப்போது இல்லை. வளைவு ஒன்றில் அவருடைய கார் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. அந்த நேரம் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் அக்காதான். பேச்சு பாதியில் நின்றதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சிக்னல்தான் போச்சுன்னு நெனச்சேன்டி."

கழுகு வேலைக்குத் திரும்பிய அன்று, முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவே திரையில் மாமா வந்தார். வளைவுக்குச் சற்று முன்னால் இருக்கும் கேமரா. அக்கா தேய்த்துக் கொடுத்த வெளிர்பச்சைச் சட்டை. காதில் போன். தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர் படத்தைத் தொடக்கூடாது என்பது விதி. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் நின்றபடியே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓட்டினவர் இறந்துட்டா வழக்கு கிடையாதும்மா. படத்தை அழிச்சிடுவோம். ஆனா வண்டி உங்க அக்கா பேர்ல இருக்கு. அவங்க பார்க்கணும்னு கேட்டா காட்டலாம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க முடியவில்லை. அவளுக்குக் கண்ணை மூடினாலும் அதே முகம். பேருந்து ஜன்னலிலும் குளியலறைக் கண்ணாடியிலும் அந்தத் தலை சாய்ந்து சிரித்தது. அதைவிடக் கொடுமை, எல்லோரையும் மேலேயிருந்து பார்க்கிற பழக்கம் அவளை விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் குனிந்திருந்த புருஷனின் உச்சந்தலையைப் பார்த்து, அடுத்து என்ன வரப்போகிறதென்று இவருக்கும் தெரியாதே என்று நினைத்தாள்.

சொல்லாமலே விட்டிருப்பாள். ஆனால் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தானாகவே கேட்டாள்: "கடைசியா அவர் முகம் எப்படிடி இருந்திருக்கும்? பயந்திருப்பாரோ?"

படம் இருப்பதைக் கழுகு சொன்னாள். மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள்.

அக்கா அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் உட்கார்ந்தாள்.

"சிரிக்கிறாரு" என்றாள். "நம்ம மாடிவீட்டுக்காரர் ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு போட்டுட்டுப் போனதைச் சொன்னேன். அதுக்குத்தான்." பிறகு குரல் மாறியது. "கண்ணு ரோட்டுல இல்லையே."

அக்கா மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், அவரைக் கூப்பிட்டது நான். வண்டியிலதான் இருக்காருன்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டேன். எனக்கு என்ன தண்டனை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிர்முனையில பேசினவங்களுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லையா?" என்று அக்கா மறுபடி கேட்டாள். ஏதாவது இருந்தால் தேவலை என்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி.

படத்தை அழித்துவிட்டார்கள். கழுகு வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டாள், கிடைக்கவில்லை. பழையபடி அதே நாற்காலிதான். சிரிக்கும் முகம் வந்தால் மட்டும், முடிவைப் பதிந்த பிறகும் கொஞ்ச நேரம் அடுத்த படத்துக்குப் போகமாட்டாள். இந்த ஆள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா என்று மனசு அடித்துக்கொள்ளும். கேட்கவும் ஆள் கிடையாது.

அக்கா அதன்பிறகு யாருக்கும் போன் செய்யவில்லை. என்ன சேதியானாலும் நடந்தே வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாலை கொட்டுகிற மழையில் கதவைத் தட்டினாள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் அனுப்பு என்றாள்.

"இதுக்கா இந்த மழையில வந்தே? ஒரு போன் போட்டிருக்கலாமேக்கா!"

அக்கா முகத்து நீரை வழித்துவிட்டுத் தங்கையை வெறித்துப் பார்த்தாள்.

"நீ எங்க இருக்கியோ, என்ன பண்ணிட்டிருக்கியோ, எனக்கு எப்படிடி தெரியும்?"