மேடைக்கு எதிரே அம்மா

என் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. செங்கல்பட்டு பஜாரில் அத்தா, எங்கள் அப்பா, வைத்திருந்த செருப்புக் கடையை அவருக்குப் பிறகு அவன்தான் நடத்துவான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவனோ அவர் இறந்ததும் கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, சென்னையில் சவுண்ட் இன்ஜினியரிங் படித்து, இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டான். யாராவது விசாரித்தால் அம்மா, "மைக் செட் வேல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

போன வருஷம் அவனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தபோது அந்தப் பதில் எடுபடவில்லை. பெண்ணின் தாயார் சிரித்துக்கொண்டே, "மைக் செட்டுன்னா, கல்யாண வூட்ல கொழா ஸ்பீக்கர் கட்டுவாங்களே, அதுவா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடம் அமையாமல் போனது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அவன் இன்னாதான் பண்றான்னு நானே ஒரு தபா போய்ப் பாக்கணும்."

அப்படித்தான் மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மைதானத்தில் நடந்த ராக் இசைத் திருவிழாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் படூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். முதல் நாளே செங்கல்பட்டுக்குப் போய்த் தங்கி, காலையில் அம்மாவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் கிளம்பினேன். பின்னால் அம்மா, கறுப்பு புர்க்காவில், மடியில் பெரிய டிபன் கேரியரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அதிலிருந்து நெய்ச்சோற்று வாசனை வந்துகொண்டிருந்தது.

வாசலில் அந்த கேரியருக்குத்தான் முதல் தடை. வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "எம் புள்ளைக்குத்தான எட்த்துகினு வந்தேன், வேற யாருக்கு?" என்று காவலாளியிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். நீல முடியும் மூக்கில் வளையமும் போட்ட பையன்கள் எங்களுக்கு வழிவிட்டு வரிசையில் பொறுமையாக நின்றார்கள். நான் தம்பிக்கு போன் செய்தேன். அவன் அரை டிராயரும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக ஓடிவந்தான்.

"அண்ணாத்த, எங்கம்மா இவங்க. வுடுங்க" என்றான். காவலாளி கேரியரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். எங்கள் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரில கட்ற மாரி கட்றாங்க" என்றாள்.

மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே ஒரு கூடாரம். அதுதான் தம்பியின் இடம். கட்டில் அளவுக்கு நீளமான ஒரு பலகை, அதன்மேல் நூற்றுக்கணக்கில் பொத்தான்கள், மேலும் கீழும் நகரும் சின்னச் சின்னக் கைப்பிடிகள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"மேடைல அவங்க பாட்றது, வாசிக்கறது எல்லாம் மொதல்ல எங்கிட்ட வரும்மா. எது ஜாஸ்தி, எது கம்மின்னு நான் பாத்து அனுப்பறதுதான் இங்க கீறவங்க எல்லாருக்கும் கேக்கும்."

அம்மா யோசித்தாள். "நீ கைய எட்த்துட்டா?"

"ஒண்ணும் கேக்காது."

அம்மா சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள்.

முதல் குழு வாசிக்கத் தொடங்கியதும் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். ட்ரம்ஸின் ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஏறி நாற்காலியை உலுக்கியது. தம்பி காதில் வைத்துக்கொள்ள மெத்தென்ற ஆரஞ்சு நிற அடைப்பான் இரண்டு கொடுத்தான். அதை மாத்திரை என்று நினைத்து அம்மா தண்ணீர் கேட்டாள். கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம், அம்மாவும்தான். மதியத்துக்குள் அவள் பழகிவிட்டாள். ஒயர் சுற்றும் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து தம்பியோடு வேலை செய்கிறவர்கள் நெய்ச்சோறும் கறிக் குழம்பும் சாப்பிட்டார்கள். தம்பி மட்டும் நின்றுகொண்டே, மேடையைப் பார்த்தபடியே சாப்பிட்டான். அம்மா இரண்டு முறை "குந்தி துன்னுடா" என்றாள். மூன்றாம் முறை சொல்லவில்லை. தானே எழுந்துபோய் அவன் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்தபோது ஒரு குழு முடித்துவிட்டு இறங்கியிருந்தது. கூடாரத்துக்குப் பின்னால், லாரி நிழலில் ஒரு விரிப்பைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா அடைப்பான்களை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தொழ நின்றாள். மேடையில் அடுத்த குழுவின் ட்ரம்ஸ்காரர் வந்து உட்கார்ந்து குச்சியைத் தூக்கினார். தம்பி தன் ஹெட்போனில் இருந்த மைக்கில் மேடையில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "ட்ரம்ஸ் கொஞ்சம் நில்லு மச்சான். கிட்டாரும் இப்ப வேணாம். அம்மா தொழுதுகினு கீறாங்க."

ட்ரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் கேட்காத கடல் அப்போது கேட்டது. அம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, விரிப்பை மடித்துக்கொண்டு வந்து, "நல்லவேளை, சத்தம் ஓஞ்சிருந்துச்சி" என்றாள். தம்பி என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையை ஆட்டினான். நான் இன்றுவரை சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பெண் பாட வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். மொட்டை அடித்து முளைத்த முடி, தொளதொளத்த சட்டை. மேடை முழுக்க வெள்ளைப் புகையை விட்டு, அதற்குள் நீலமும் சிவப்புமாக விளக்குகளைப் போட்டார்கள். இரண்டு பாட்டு முடிந்தது. கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. தம்பி தன் ஹெட்போனைக் கழற்றி, அம்மாவின் புர்க்காவுக்கு மேலேயே மாட்டினான். "இப்ப அந்தப் பொண்ணோட மைக் மட்டும் ஒனக்குக் கேக்கும் பாரு. மத்ததெல்லாம் அடக்கிட்டேன்."

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணை மூடி, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"டேய், அந்தப் புள்ளைக்கு வீசிங் வந்துகினு கீதுடா."

"பாடி முடிச்சாங்க இல்ல, மூச்சு வாங்குதும்மா."

"இது அது இல்ல. உள்ள விசில் அடிக்குது. ஒங்கத்தாவுக்கு வரும் பாரு, அதே தாண்டா இது. நிறுத்தச் சொல்லு அந்தப் பொகைய."

அத்தாவுக்கு ஆஸ்துமா. அவர் நெஞ்சின்மேல் காதை வைத்துக்கொண்டே அம்மா தூங்கிய வருஷங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தம்பி ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தான். அவன் முகம் மாறியது. உடனே மேடைக்குப் பின்னால் இருந்தவர்களிடம் பேசினான்: புகையை நிறுத்துங்கள், ஃபேனைத் திருப்புங்கள், அந்தப் பெண்ணிடம் இன்ஹேலர் இருக்கிறதா கேளுங்கள். கிட்டார்காரரை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னான். புகை கலைந்தபோது அவள் மேடை ஓரத்தில் குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவள் இன்ஹேலர் இருந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

கிட்டார் நீண்டுகொண்டே போனது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் போனில் வெளிச்சம் போட்டுக் கையை அசைத்தார்கள். அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அல்லாவிடம் துஆ கேட்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் அந்தப் பெண் மைக்குக்குத் திரும்பி வந்து, ஒரு மெதுவான பாட்டைப் பாடினாள். தம்பி அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மற்றதையெல்லாம் இறக்கினான். இரண்டு விரலால், மிக மெதுவாக. அவன் விரல் நகர நகர, அவள் சிரமப்படாமலே அவள் குரல் எங்களிடம் நெருங்கி வந்தது. அவன் வேலை என்னவென்று அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

இறங்கியதும் அவள் நேராகக் கூடாரத்துக்கு வந்தாள். "சொன்னது நீங்கதானா ஆன்ட்டி? எனக்கே அப்பத்தான் தெரிய ஆரம்பிச்சுது. பாட்டு நடுவுல எப்படி நிறுத்தறதுன்னு பயந்துட்டேன்."

அம்மா அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகில் உள்ளங்கையை வைத்தாள். "இழுத்து வுடு, கண்ணு." அவள் இழுத்து விட்டாள். "இன்னொரு தபா." சுற்றிலும் அத்தனை கூச்சலில் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். "இப்ப பரவால்ல. பாடு, வேணாங்கல. பொகைக்குள்ள மட்டும் நிக்காத." அந்தப் பெண் திரும்பி அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், அத்தாவுக்குத் தடவியதுபோல, கீழிருந்து மேலாக. தம்பி பலகைப் பக்கம் திரும்பி, எந்தத் தேவையும் இல்லாத ஏதோ ஒரு பொத்தானைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது அம்மா அவன் கன்னத்தைத் தொட்டு, "வேலயப் பாரு. நாங்க பத்தரமா போய்டுவோம்" என்றாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

திருக்கழுக்குன்றம் தாண்டியபின் ரோட்டில் வண்டிகள் குறைந்தன. என் தோளைப் பிடித்திருந்த அம்மா திடீரென்று, "ஒங்கத்தா பாடுவாரு, தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அத்தா பாடி நான் கேட்டதே இல்லை.

"நெஞ்சு கெட்றதுக்கு மின்னாடி. நீங்கல்லாம் பொறக்கல. கடையச் சாத்திட்டு வந்து எனக்கு மட்டும் பாடுவாரு. நல்லாத்தான் இருக்கும்."

"இன்னா பாட்டும்மா?"

பின்னாலிருந்து சன்னமாக ஒரு ராகம் வந்தது. முதல் வரிக்கு வார்த்தை இருந்தது, அதற்குப் பிறகு வெறும் முனகல்தான். காற்றில் பாதி போய்விட்டது. நான் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் ஓரமாகவே ஓட்டினேன்.