வேளாங்கண்ணிக்கு எதற்கு பாஸ்போர்ட்?

பத்தே நாளில் தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் மூன்றையும் முதுகுப்பையோடு சுற்றிவர நானும் நண்பன் அந்தோணியும் தீட்டிய திட்டத்துக்கு முன்னால், சோழர் படையெடுப்பெல்லாம் சும்மா சந்தைக்குப் போய்வந்த கதை.

வீட்டில் சொன்னது மட்டும், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம்.

போன மாதம் அந்தோணி நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் முதுகுப்பையிலிருக்கும் டிக்கெட்டை அவன் மனைவி ஸ்டெல்லா பார்ப்பதற்குள் எடுத்துவிட நினைத்து, இன்று அனுமந்தன்பட்டியில் அவன் வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லா பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எல்லாம் உள்ளதான் இருக்குண்ணே. தாய்லாந்து டிக்கெட்டும்."

எனக்கு வியர்த்ததில் வைகை அணை நிரம்பியிருக்கும்.

"எப்பம்மா தெரியும்?"

"பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போலீஸ்காரரு வீட்டுக்குத்தானண்ணே வந்தாக. வேளாங்கண்ணிக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு?" என்று சிரித்தார். "அவுகளா சொல்லட்டும்னு இருந்தேன். மாத்திரை வைக்க உள்ள ஒரு பை தச்சுக் குடுத்தேன். அப்பயும் சொல்லல."

நானும் சிரித்தேன். அப்புறம் அவர் கேட்டார்.

"என்னையும் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு நாளாவது சொன்னாகளாண்ணே?"

அவன் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் தலைசிறந்த புளுகன் நான். "ஆமாம்மா" என்று ஒரு சொல் போதும். அது வாயில் வரவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்கு மறுபடியும் போகலாமென்று இருக்கிறேன். ஒரு நாள் தாமதமாகச் சொல்கிற "ஆமாம்" எடுபடுமா? வீட்டிலுள்ள பெண்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.