இங்கிலீசுக்காரன் வீட்டுப் புல்தரை

எண்பதுகளின் நடுவில், பாரிஸின் லா ஷப்பல் பகுதியில், எங்கள் அறையில் இருந்த ஆண்களுக்குள் கோட்டும் டையும் வைத்திருந்தவர் ஒருவர்தான். நாங்கள் அவரை அண்ணை என்போம். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்காக இருந்தவர், இங்கே என்னோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார். வெள்ளைக்காரர்களில் ஆங்கிலேயர்தான் அசல், மற்றவர்கள் நகல் என்பது அவர் கட்சி. இருக்க இடம் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் மேல் அவருக்குக் கொஞ்சமும் மதிப்பில்லை.

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடக்கும். சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பூனைக்குட்டியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார். எங்கள் உச்சரிப்பு தாங்க முடியாமல் போனால் கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்கு உதவியாக, மொழிபெயர்க்க, பாரிஸின் புறநகரான பொண்டியிலிருந்து ஒரு புதுச்சேரிக்காரர் வருவார். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடிமகன். அவரை ஐயா என்போம். அண்ணைக்கும் ஐயாவுக்கும் ஆகவே ஆகாது. அண்ணை லண்டனைத் தூக்கினால் ஐயா பாரிஸைத் தூக்குவார். அந்த இரண்டு ஊர்களும் இவர்களை என்றைக்குத் தூக்கின என்று நான் கேட்டதில்லை.

ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை எங்களைச் சுற்றுலா அழைத்துப் போனார். பந்தயக் குதிரைகளில் பணம் பண்ணிய ஓர் ஆங்கிலேயர், விக்டோரியா மகாராணி காலத்தில், பாரிஸுக்கு வடக்கே கிராமப்புறத்தில் கட்டிய பெரிய வீடு அது. அவர் விட்டுப்போன மாதிரியே வைத்திருக்கிறார்களாம். வகுப்பில் மற்றவர்களுக்கு ஞாயிறும் வேலை, ஆகவே நாங்கள் மூவரும் ஆசிரியையும்தான். அண்ணை டை கட்டி, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்.

வீடு உண்மையிலேயே அப்படியே இருந்தது. எஜமானரின் கிழிந்த செருப்பைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சுவரில் பிள்ளைகளின் படங்கள் சின்னதாகவும் நாய்களின் படங்கள் பெரிதாகவும் தொங்கின. குடைகளுக்கென்றே ஓர் அறை இருந்தது. அது நாங்கள் எல்லோரும் படுத்தெழும்பும் அறையைவிடப் பெரிது. அண்ணை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “ஒழுங்கைப் பார், ஒழுங்கைப் பார்” என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாடியில் எஜமானியம்மாவின் படுக்கையறைக்குப் போனபோது அண்ணைக்குக் கால் உளைந்துவிட்டது. மூலையில் கைப்பிடி வைத்த, கடைந்த கால்களோடு ஓர் அழகான நாற்காலி இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்கு இல்லை. அண்ணை கோட்டின் பின்புறத்தைத் தூக்கிவிட்டு, ஆளுநரைப்போல அமர்ந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டிய பெண் சிவந்துபோய் ஏதோ முணுமுணுத்தாள். ஐயா அதை மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் ரசித்தார்.

“அது அம்மாவோட கக்கூசுங்க” என்றார். “மூடியைத் தூக்கினா உள்ள பீங்கான் சட்டி இருக்குமாம்.”

அண்ணை எழுந்தார். பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒழுங்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வீட்டின் பின்னால் வழித்துவிட்டதுபோல ஒரு புல்தரை. அதில் ஆங்காங்கே கம்பி வளையங்கள் குத்தியிருந்தன. நீளக் காம்பு போட்ட மரச் சுத்தியல்களால் மரப்பந்தை அடித்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளாலும் போக்கி, கடைசியில் நடுவிலிருக்கும் முளையில் படவைக்க வேண்டும். பெயர் குரோக்கே. வந்தவர்கள் விளையாடலாம் என்றார்கள். அது இங்கிலீசு விளையாட்டு என்று அண்ணையும், பெயரே பிரெஞ்சு என்று ஐயாவும் சண்டைக்குத் தயாரானார்கள். ஆசிரியை இருவரையும் ஒரே கட்சியில் போட்டுவிட்டு என்னைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

அந்த விளையாட்டில் ஒரு அயோக்கியத்தனம் உண்டு. உன் பந்து எதிரியின் பந்தில் பட்டால், உன்னுடையதை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து அடித்து, எதிரியின் பந்தை வேண்டிய இடத்துக்குத் துரத்தலாம். எங்கள் ஆசிரியை, பூனைக்குட்டிக் குரல்காரி, முதல் வாய்ப்பிலேயே அண்ணையின் பந்தை ரோஜாப் புதருக்குள் அனுப்பினார். அண்ணை முள்ளில் கோட்டைக் கிழித்துக்கொண்டு அதை மீட்டு வந்து ஓரத்தில் வைத்தார். மறுமுறை அது வேலியடிக்குப் போனது. ஐயாவின் பந்து குதிரை லாயம் வரைக்கும் உருண்டது. ஒவ்வொரு முறையும் ஆசிரியை மிகவும் கனிவாக மன்னிப்புக் கேட்டார்.

நான் வளையம் ஒன்றும் தாண்டாமல், பயபக்தியோடு அவர் பின்னால் நடந்தேன்.

ஒரு கட்டத்தில் ஐயாவின் பந்து ஒரு வளையத்துக்கு நேரே வந்து நின்றது. ஆசிரியையின் பந்தும் பக்கத்தில்தான். ஐயா வளையத்தைக் குறிபார்த்துக் குனிந்தார்.

“ஐயா, வளையத்தை விடுங்கோ” என்றார் அண்ணை. காலையிலிருந்து அவரோடு நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான். “மனிசியின்ர பந்துக்கு அடியுங்கோ.”

“ஆட்டத்துல நியாயம்னு ஒண்ணு இருக்கில்லீங்களா?”

“உது இங்கிலீசுக்காரன்ர விளையாட்டு. அவங்களிட்டை நியாயம் எங்கை இருக்கு?”

ஐயா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று அடித்தார். அடுத்த அடியில் ஆசிரியையின் பந்து சரிவில் ஓடி, அல்லிக்குளத்துக்குள் விழுந்தது.

ஆசிரியை குளத்தை எட்டிப் பார்த்தார். இப்போதுதான் நீங்கள் விளையாடத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பந்தை எடுத்து வந்தார்.

அதன் பிறகு இருவரும் அவர் முன்னாலேயே தமிழில் சதி செய்தார்கள். எதைத் துரத்துவது, எங்கே ஒளிவது என்று யாழ்ப்பாணமும் புதுச்சேரியும் மாறி மாறிச் சொல்லின. நான் எதிர்க்கட்சி என்பதையே மறந்துவிட்டார்கள். ஆசிரியையிடம் காட்டிக்கொடுக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. அப்படியும் அவரே வென்றார்.

திரும்பும் ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த அடியில் எங்கே பிழைவிட்டோம் என்று பாரிஸ் வரும்வரை பேசினார்கள். அடுத்த ஞாயிறு அண்ணை பொண்டிக்கு, ஐயா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். ஆவணியில் ஆசிரியை ஒரு பழைய தேவாலயத்துக்குச் சுற்றுலா என்றபோது, அங்கே புல்தரை இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். இல்லை என்றார். இருவருமே வரவில்லை.