சூளகிரி தாண்டினால் திக்குகிற கார்

அறுபதுகளின் கடைசியில் நான் ஓசூரில் ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு நிறத்தில் பழைய கார். அம்மா வேதக்காரர், கிறிஸ்தவர். ஞாயிறு காலையில் கோயில், மற்ற நாளெல்லாம் பிரசவம், காய்ச்சல், பாம்புக்கடி என்று ஊர் ஊராகப் போவோம். நாலு வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவைகூடக் கடிந்து பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதில் என் பக்கம் நியாயம் ரொம்பக் குறைவு.

ஐப்பசியில் கார் திக்க ஆரம்பித்தது. பாகலூர் போனால் ஒன்றுமில்லை. ஜூஜுவாடி போனால் ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரிக்குப் போனால் மட்டும், சூளகிரி தாண்டி மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் யோசிக்கும். அப்புறம் விக்கி விக்கி இழுக்கும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தே என் மானத்தை வாங்குவான். நான் ஓரங்கட்டி இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன். அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. பெட்ரோல் இருக்கும். பானெட்டைத் தூக்கி, கைக்கு எட்டியதை நாலு தட்டுத் தட்டுவேன். திரும்பக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பத்து மைல் போனதும் பழைய கதைதான்.

நான் எதைத் தட்டியதால் சரியானது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு நாள் கார்புரேட்டரைத் தட்டினேன், ஓடியது. இன்னொரு நாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தேன், அதற்கும் ஓடியது. எரிச்சலில் ஒரு தரம் டயரை எட்டி உதைத்தேன். அப்போதும் ஓடியது.

மெக்கானிக்குகள் மூன்று பேரைப் பார்த்தேன். ஓசூர்க்காரர் பிளக்கும் பாயிண்டும் மாற்றினார். ஜூஜுவாடியில் லாரி பார்க்கிற கன்னடக்காரர் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிவிட்டு, "பம்ப்பு வீக்குப்பா, வேற ஒண்ணும் இல்ல" என்று சத்தியம் செய்தார். கிருஷ்ணகிரிக்காரர் கார்புரேட்டரை ஊதி ஊதித் துப்புரவு செய்தார். மூன்று பேருமே வேலையை முடித்ததும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை உட்கார வைத்து ஓட்டிக்காட்டினார்கள். மூன்று பேர் கையிலும் வண்டி தங்கமாக ஓடியது. யாரைத் திட்டுவது?

அந்த மூடியின்மேல் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. வைத்தவன் நான். வேலையில் சேர்ந்தபோது, என்னைச் சேர்த்துவிட்டவர், "அம்மா வேதக்காரங்க, வண்டியில பூஜை கீஜைன்னு எதையும் வெச்சிராத" என்று சொல்லியிருந்தார். மூன்று ஆயுத பூஜையைப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். நாலாவது வருஷம் மனசு கேட்கவில்லை. அம்மாவின் கண் படாத இடமாகப் பார்த்து, டேங்க் மூடியில் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இட்டேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின்மேலேயே புதிதாக ஒன்று. ஜூஜுவாடிக்காரர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மூடியைத் திருகினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பிரசவத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். திரும்பி வருகையில் அம்மா சொன்னார்: "இந்த வண்டிய நம்பி இனிமே என்னால போக முடியாதுப்பா. அடுத்த வாரம் கிருஷ்ணகிரி போறப்பவும் இப்படித்தான்னா, பெங்களூர்ல வெலைக்குக் குடுத்துடறேன். நீயும் வேற எடம் பாத்து வெச்சிக்கோ."

வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பொட்டைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

சொன்னபடி கிளம்பினோம். சூளகிரிக்கு முன்பே திக்க ஆரம்பித்து, மேட்டில் நின்றேவிட்டது. எப்போதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அம்மா அன்றைக்கு இறங்கி என் பின்னாலேயே வந்தார். மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"இந்தச் சத்தம் எப்பவும் வருமா?"

"கொஞ்ச நாளா வருதுங்கம்மா. டேங்க்குக்குள்ள இருக்கிற காத்து வெளிய வருதுன்னு நெனச்சேன்."

"வெளிய வரல, உள்ள இழுக்குது. பால் புட்டிக்குள்ள காத்து போகலன்னா குழந்தை எவ்ளோ உறிஞ்சினாலும் பால் வராது. ரப்பர் ஒட்டிக்கும். அது மாதிரி இருக்குப்பா. இந்த மூடியில காத்து போக ஓட்டை ஏதாவது இருக்குதா, பாரு."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூடியின் நட்ட நடுவில், பொட்டுக்கு அடியில். நடுவைக் கண்டுபிடிக்க அந்த ஓட்டையைத்தான் வாராவாரம் அடையாளமாக வைத்திருந்தேன். மூடியைத் திருப்பிக் காட்டினேன். சந்தனம் சுவர்ப்பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. என் காது இரண்டும் சுட்டது.

அம்மா பையைத் திறந்து ஊசி போடுகிற நீள ஊசி ஒன்றை எடுத்து நீட்டினார். "நீயே குத்து" என்றார். அவர் மூடியைத் தொடவில்லை. மரியாதையால் தொடவில்லையா, பிடிக்காமல் தொடவில்லையா? அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. பொட்டின் நடுவில் குத்தினேன். ஊசி மறுபக்கம் வந்தது. இத்தனை நாளும் தட்டியதாலோ உதைத்ததாலோ அல்ல, மூடியைத் திறந்து மூடியதால்தான் வண்டி ஓடியிருக்கிறது; பாகலூரும் ஜூஜுவாடியும் கிட்டத்து ஊர்கள், திக்குவதற்குள் வந்துவிடும்.

அதன்பிறகு கார் எங்கேயும் திக்கவில்லை. மேடுகளை எல்லாம் ஒரே மூச்சில் ஏறியது. அம்மா வழி நெடுக வாயே திறக்கவில்லை. இன்னும் ஒரு தடவை நின்றுதான் தொலையேன், இறங்கி ஏதாவது செய்யலாமே என்றுகூட எனக்கு இருந்தது.

கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். "வண்டிய விக்கல" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"பொட்ட ஒளிச்சு வெச்சிருக்கியே, நாலு வருஷமா என்னப் பாத்துப் பயந்துகிட்டா இருந்த?"

"இல்லீங்கம்மா" என்றேன். அவர் எப்போதும் நான் தூக்கி வருகிற பையைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.