திரும்பாமல் ஓடினவன்

பெருங்காய டப்பா எங்கே இருக்கிறது என்று என் ஆத்துக்காரருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுக்களை. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவிலேயே சின்ன அடுக்களை எங்களுடையதுதான். அதிலும் தேடித் தோற்றுப்போய் நிற்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் ஓடுகிறவர். சாதாரண ஓட்டம் இல்லை. ஸ்டேடியத்தில் நானூறு மீட்டர் வட்டத்தையே இருபத்திநாலு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடுவது. யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். "செக்கு சுத்தினா எண்ணெயாவது வரும், இதுல என்ன வரது?" என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. சிரிப்பார், மறுநாள் காலை ஷூவைத் தேடுவார்.

போன வருஷம் வேறு ஊரில் இதே ஓட்டம். புத்தி தடுமாறி, என்னைக்கூட யாரென்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்து விழுந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால திருப்பித் தர முடியாது" என்றார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுவிட்டும் அவர் ஓடினால் நான் என்ன செய்வேன் என்கிற பயம்.

இந்த வருஷம் தேசிய சாம்பியன்ஷிப் திருவனந்தபுரத்திலேயே வந்து சேர்ந்தது. இருநூறு கிலோமீட்டர் தொட்டால் இந்திய அணியில் எடுப்பார்கள், வயசு ஐம்பத்தொன்று, இதுதான் கடைசி என்றார். சரி என்று ஒரு நிபந்தனை போட்டேன். மணிக்கு ஒரு கேள்வி கேட்பேன். பதில் தப்பினால் நெஞ்சில் குத்தின நம்பர் சீட்டை நானே பிய்த்துவிடுவேன், மறுபேச்சு பேசாமல் வீட்டுக்கு வர வேண்டும். பதில் சரியாக இருக்கிற வரை நான் நிறுத்தக் கூடாது. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சொன்ன சொல் மாறாத மனுஷன், அது ஒரு தொல்லை.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பம். தடத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. தண்ணீர், தயிர்சாதம், உப்பு மாத்திரை. முதல் கேள்வியாக, வேண்டுமென்றே, பெருங்காய டப்பா எங்கே என்று கேட்டேன்.

"எனக்கென்னடி தெரியும்? உன் அடுக்களைதானே!" என்று கத்திக்கொண்டே போனார். அடுத்த ரவுண்டில் வந்து, "இது செல்லாது. நல்ல புத்தியில இருக்கறச்சேயே எனக்குத் தெரியாதாக்கும்" என்று வாதாடினார். நியாயம்தான். அந்தக் கேள்வியை நோட்டில் அடித்துவிட்டேன்.

ராத்திரி பூரா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். காலையில் வெயில் ஏறின பிறகு, "ரெண்டு கப் குடு" என்று கை நீட்டினார். "கூட ஒருத்தன் ஓடறான். நல்லவன். பேச்சே கிடையாது." பக்கத்தில் யாரும் இல்லை. இத்தனை நேரம் ஓடினால் இல்லாததெல்லாம் தெரியும் என்று ஓட்டக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான். கேள்வி கேட்டேன், பதில் சரி. இரண்டு கப்பையும் கொடுத்து, ஓடுங்கோ என்றேன்.

இந்த ஓட்டத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திசை மாற்றுவார்கள். ஒரே பக்கமாக வளைந்துகொண்டிருந்தால் கால் கெட்டுவிடுமாம். ஒரு கம்பை நட்டு வைப்பார்கள், ஒவ்வொருவராக அதைச் சுற்றித் திரும்பி வந்த வழியே ஓட வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்குக் கடைசித் திருப்பம். அவர் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

அடுத்த ரவுண்டில் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அவன் திரும்பலை" என்றார்.

"யாரு?"

"கூட ஓடினவன். பழைய பக்கமே ஓடறான். எனக்கு எதிரே வரான்."

அதற்கப்புறம் நான் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு வளைவிலும், ரவுண்டுக்கு ரவுண்டு, அவர் ஓர் அடி ஒதுங்கினார், குறுகலான சந்தில் எதிரே வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி. பின்னால் வந்த ஒரு பெண்ணும் அதே இடத்தில் ஒதுங்கினாள். முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் அவரை முந்தினாள். முந்திப் போயும் அங்கே ஒதுங்கினாள்.

அப்போதுதான் யோசித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வேகம், எதிரெதிர் திசை, சந்திப்பது வளைவில். அப்படியானால் இவர் அந்தப் பக்கம் இருக்கும்போது, அவன் இந்தப் பக்கம் என் மேஜையைத் தாண்டுகிறான். நாற்காலியைத் தடத்திலிருந்து ஓர் அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஓரமாக யாராவது ஓடினால் மேஜைமேல் இருக்கிற பேப்பர் கப்புகள் லேசாக ஆடும். அப்போது ஆடின. தடத்தில் யாரும் இல்லை.

பக்கத்து மேஜைக்காரி கோட்டயத்திலிருந்து மகனுக்காக வந்தவள். "சேச்சி, ஞான் இத்திரி கண்ணடைக்கட்டே" என்று துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டாள். பேச்சுத்துணை இல்லாவிட்டால் எனக்கு நானே பேசுகிற வழக்கம். அடுக்களையில் நாள் பூரா அதுதான். அவர் எதிர்ப்பக்கத்தில் இருந்தபோது, பயம் தெரியாமல் இருக்கத் திட்ட ஆரம்பித்தேன். "இருபத்திரண்டு வருஷமா பெருங்காய டப்பா காப்பிப்பொடி டின்னுக்குப் பின்னாடிதான் இருக்கு, அது கண்ணுல படலை, இவருக்கு இந்திய அணி ஒரு கேடு!"

ஒன்றரை நிமிஷத்தில் அவர் வந்தார். கப்பை வாங்கிக்கொண்டு, நான் ஒன்றுமே கேட்காமல், "காப்பிப்பொடி டின்னுக்குப் பின்னாடி" என்றார்.

அட ராமா! "யார் சொன்னா?"

"அவன்தான். உன்னைத் தாண்டித்தானே வரான்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

பதில் சரி. எழுதிக் கொடுத்தபடி நான் நிறுத்தக் கூடாது. ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை, உதட்டில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. போன வருஷம் விழுவதற்கு முன்னால் பார்த்த அதே முகம். மைதானத்து டாக்டரிடம் ஓடினேன். சின்னப் பெண், அவரை நிறுத்திப் பேர், ஊர், கிழமை எல்லாம் கேட்டாள். டாண் டாண் என்று பதில் வந்தது. "குழப்பமில்லா சேச்சி, ஆள் தெளிவா இருக்கார்" என்று விட்டுவிட்டாள். தெளிவாக இருப்பது யார் என்று அவளிடம் எப்படிக் கேட்பேன்?

கடைசியில் ஒன்று செய்து பார்த்தேன். செய்திருக்கக் கூடாது. அவர் அந்தப் பக்கம் போனதும், கப்புகள் ஆடுகிற நேரம் பார்த்து, போன வருஷம் ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னதை வாய்விட்டுச் சொன்னேன். இவரைத் திருப்பித் தர முடியாதுன்னுட்டார், என்றேன்.

அவர் வந்தார். "திருப்பித் தர முடியாதுன்னாராமே. என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று, ஊர்வம்பு கேட்ட மாதிரி, சிரித்துக்கொண்டே தாண்டிப்போனார். அந்தச் சிரிப்பில் பயமே இல்லை. என் ஆத்துக்காரர் ஊசி போட்டுக்கொள்ளவே கண்ணை மூடிக்கொள்கிறவர்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நேரம் இருந்த பயமெல்லாம் போய் வெறும் கோபம். எழுந்து தடத்தின் ஓரத்திலேயே போய் நின்றேன். அவர் எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். என் முன்னால் இருந்த வெறும் தடத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நீ யாரா வேணா இரு. இருநூறு வேணும்னா நீயே ஓடிக்கோ, ஓடி நீயே வெச்சுக்கோ. எனக்கு அணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒண்ணுமே தெரியாத மனுஷர் ஒருத்தர் எனக்கு உண்டு. அவரைக் குடுத்துட்டுப் போ." முகத்தில் லேசாகக் காற்று பட்டது. அதில் வேர்வை வாசனை இருந்தது.

ஒன்றரை நிமிஷம் ஆயிற்று, அவர் வரவில்லை. பார்த்தால் வளைவில் நடந்து வந்துகொண்டிருந்தார். வந்து என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முப்பது ரவுண்டு பாக்கி. நேரமும் இருந்தது.

"பெருங்காய டப்பா எங்கே?" என்று கேட்டேன்.

இப்போது கண் என்னைப் பார்த்தது. "எனக்கென்னடி தெரியும்?" என்றார். "உன் அடுக்களைதானே."

தப்பான பதில். நம்பர் சீட்டைப் பிய்த்தேன், ஊக்கு குத்தி விரலில் ரத்தம் வந்தது. அவர் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கோட்டயத்துக்காரி முழித்துக்கொண்டு, தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அஞ்சு மணி வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் தடத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது, பழைய பக்கமாக, மூன்று நிமிஷத்துக்கு ஒரு சுற்று. விசில் ஊதினபோது மெதுவாகக் கை தட்டினார். "முடிச்சுட்டான்" என்றார். இருநூறா என்று நான் கேட்கவில்லை.

இப்போது சௌக்கியமாக இருக்கிறார். ரத்தம் சோதித்துப் பார்த்ததில் எல்லாம் சரி. காலையில் கோயில் வரை நடக்கிறார், அவ்வளவுதான். நான்தான் மாறிவிட்டேன். அடுக்களையில் எனக்கு நானே பேசுவதை நிறுத்தியாயிற்று. "என்னடி, வீடே வெறிச்சுனு இருக்கு, ஏதாவது திட்டேன்" என்கிறார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே டப்பாவை வேறு இடத்தில் மாற்றி வைத்தேன். போன வாரம் மோரில் போட்டுக்கொள்ளப் பெருங்காயம் தேடி வந்தார். எல்லாத் தட்டையும் உருட்டிவிட்டு, எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. விரலால் காட்டினேன்.